மூடிக்கொழுந்து

கரம் போர்ட் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தாயத்தைக் கண்டுபிடித்தவரையும் தெரியாது. ஆனால் மூடிக்கொழுந்து என்ற விளையாட்டைக் கண்டுபிடித்தது யாரென்று தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் போய்க் கேட்டால், என் வயதுப் பெண்கள் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைத்தான் சொல்வார்கள். அவர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை, நானே சொல்லிவிடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், வேலைக்கு நேர்முகம் கண்டவர்கள், பதுளை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் என்று ஒருவரையும் நான் விட்டுவைத்ததில்லை.

அப்போது எனக்கு வயது பதினொன்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமா.

மாமா அம்மாவுக்கு இளையவர். ஸ்டோரில் வேலை, தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாரத்தில் ஆறு நாளும் அவர் நல்ல மனிதர். எங்களுக்கு வடை வாங்கித் தருவார், அக்காவின் செருப்புக்கு வார் தைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, தலையை வாரி, சட்டைப் பையில் பவுடர் டின்னைச் செருகிக்கொண்டு கிளப்புக்குப் புறப்பட்டார் என்றால் அதன்பிறகு அவர் வேறு ஆள். தோட்டத்தில் கரம் விளையாட்டில் அவரை அடிக்க ஆளில்லை. இதற்காகவே வலது கை ஆட்காட்டி விரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். சோறு பிசையும்போதுகூட அந்த விரலைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கிளப் என்பது ஒரு சிறிய மண்டபம். ஒரு மேசை, அதன்மேல் ஒரு கரம் போர்ட், உட்கார இரண்டு வாங்குகள், ஒரு கிழிந்த பத்திரிகைக் கட்டு. வாசலில் இருந்த பலகையில், தோட்டத்து மக்கள் அனைவருக்கும் உரியது என்று எழுதியிருந்தது. அந்த அனைவரில் பெண்பிள்ளைகளும் அடக்கமா என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வரவில்லை. எனக்கும் ஒரு ஆட்டம் வேண்டும் என்று வாங்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே மழை. உள்ளே ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாமாவுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"ஏய் குட்டி, ஒரே ஒரு அடி அடிச்சிட்டு ஓடிப் போ" என்றார்.

அடித்தேன். காய் ஒன்றுகூட அசையவில்லை. அடிக்கும் வில்லை மட்டும் போர்டைத் தாண்டிப் பறந்து யாரோ ஒருவரின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. கிளப்பே சிரித்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி கரம்? வெரல் ஒடிஞ்சு போயிரும். போயி ஒரு தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வா" என்றார் மாமா.

நான் வாசற்படியில் திரும்பி நின்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே தெரியாத ஒரு குரலில், "நீங்க தோத்துப்போற வெளையாட்டு ஒண்ணு நானே செய்யுறேன், பாருங்க மாமா" என்றேன்.

சிரிப்பு இன்னும் கூடியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார். நான் செய்யும் விளையாட்டில், பெண்கள் பக்கம் இரண்டு பேர், ஆண்கள் பக்கம் இரண்டு பேர் பொங்கலன்று விளையாடுவது. நாங்கள் ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பும் மேசையும் கரம் போர்டும் பெண்பிள்ளைகளுக்கு. தோற்றால், ஒரு வருடத்துக்கு அவருடைய ஸ்டோர் சட்டையை நான்தான் துவைக்க வேண்டும். கிளப் வாசற்படியில் கால் வைக்கவே கூடாது. தேயிலைத் தூசி ஏறிய அந்தச் சட்டை என்ன நிறம் என்று அதைத் தைத்தவருக்கே தெரிந்திருக்காது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். அக்காவுக்குப் பதினாலு வயது. எப்போதும் நான் செய்துவிட்டு வரும் காரியங்களைச் சரிக்கட்டுவதே அவள் வேலை.

முதலில் மேசை வேண்டும். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் மேசை கிடையாது. ஆனால் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. ஸ்டோரில் தேயிலையைக் காகிதப் பைகளில் கட்டத் தொடங்கியபிறகு இந்தப் பலகைப் பெட்டிகள் எல்லாம் லயத்து வீடுகளுக்கு அலுமாரியாக வந்து சேர்ந்திருந்தன. உள்ளே இருந்த உடுப்புகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தோம். அருமையான மேசை. நான்கு பேர் சுற்றி உட்காரலாம். ஓரத்தில் அடித்திருந்த தகரப் பட்டி கொஞ்சம் தூக்கி நின்றதால் மேலே வைப்பது உருண்டு விழாது.

காய்களுக்கு சோடா மூடி. தெமோதரை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்காரர், நாங்கள் நாலு நாள் தொடர்ந்து போய் நின்றதில் பயந்துபோய், மூடிகளை ஒரு டின்னில் சேர்த்து வைக்கத் தொடங்கினார். அதோடு தேயிலை விதை. ஓடையோரம் வெட்டாமல் விட்டு மரமாகிப்போன பழைய தேயிலைகளின் கீழே உருண்டை உருண்டையாக விழுந்து கிடக்கும். அதையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தோம்.

முதல் விளையாட்டு படுதோல்வி. கரம் மாதிரியே ஆளுக்கு ஒரு முறை எடுப்பது என்று வைத்திருந்தேன். என் முறை வருவதற்குள் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், அக்கா தூங்கிவிட்டாள். காத்திருக்க வைக்கும் விளையாட்டு எனக்கு வேண்டாம். கிளப்பில் காத்திருந்தது போதும். இனி முறை என்பதே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பது என்று மாற்றினேன்.

அடுத்த ஆட்டத்தில் இரத்தம் வந்தது. சோடா மூடிக்குப் பல் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. மூடிகளையெல்லாம் கல்லில் வைத்துத் தட்டித் தட்டையாக்கினோம். அப்போது அவை பலகையோடு ஒட்டிக்கொண்டு, நகம் ஒடிந்தாலும் எழும்ப மறுத்தன. திரும்ப எல்லாவற்றையும் ஒரு பக்கம் மட்டும் லேசாக நெம்பி விட்டோம். எண்பது மூடி. விடுமுறையில் மற்றப் பிள்ளைகள் உறங்கினார்கள், விளையாடினார்கள். நாங்கள் மூடி நெம்பினோம்.

எடுத்ததை முன்னால் குவித்து வைத்தால் ஒருவர் குவியலிலிருந்து ஒருவர் திருடினார்கள். அதில் அக்காதான் முதலாவது ஆள். இதற்கு என்ன செய்வதென்று எனக்கு இரண்டு நாள் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அம்மா கொழுந்து பறிப்பதை நான் பிறந்ததிலிருந்தே பார்த்து வருகிறேன். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அம்மா கையைப் பார்க்கவேயில்லை. கண் அடுத்த செடியில் இருந்தது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள். முதுகில் தொங்கிய கூடைக்குள் கொழுந்து விழுந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

தேத்தண்ணிப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அம்மா பின்னால் கத்தியது கேட்டது, கோப்பையை நான் கொடுக்கவேயில்லையாம்.

அன்று மத்தியானமே விளையாட்டு முழுதாகிவிட்டது. பெட்டியின் மேலே மூலைக்கு மூலை கரிக்கோடு போட்டு நான்கு பங்காக்கினேன். ஒவ்வொரு பங்கும் ஒருவருடைய நெரை. மலையில் ஒரு பெண்ணுக்குப் பறிக்கக் கொடுக்கும் வரிசைக்கு அதுதான் பெயர். ஒரு நெரையில் இருபது மூடி, பத்து விதை. ஒரு கையில் ஒரே அள்ளலில் இரண்டு மூடியும் ஒரு விதையும் எடுக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கணக்கு. எடுத்ததைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் இருக்கும் வாளிக்குள் வீச வேண்டும். இரண்டு கையாலும் மாறி மாறி விளையாட வேண்டும். கூடுதலாக மூடி அள்ளினால் அது முத்தல் இலை, ஒன்று கழியும். வெளியே விழுந்தால் விழுந்ததுதான். தன் நெரையை முடித்தவர் பக்கத்து நெரைக்குள் இறங்கலாம். அந்தக் கடைசி விதி என் சொந்தக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் பெருமையென்றால் பெருமை.

நேரம் பார்க்க முதலில் அக்கா நூறு எண்ணினாள். தோற்கும்போது வேகமாக எண்ணுகிறாள் என்று சண்டை வந்தது. பிறகு ஒரு சிரட்டையின் அடியில் ஆணியால் துளை போட்டுத் தண்ணீரில் மிதக்க விட்டோம். சிரட்டை நிறைந்து 'குளுக்' என்று மூழ்கினால் ஆட்டம் முடிந்தது. சிரட்டையோடு யாரும் சண்டை போட முடியாது.

ஒரே ஒரு குறை. நான்கு வாளிகள் வேண்டும், தண்ணீருக்கு ஐந்தாவது. லயத்தில் ஒவ்வொரு நாளும் வாளிகள் காணாமல்போக ஆரம்பித்தன.

அப்படித் தன் வாளியைத் தேடிக்கொண்டு ஒரு மாலை பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சண்டைக்கு வந்தாள். சொந்தப் பெரியம்மா அல்ல. அம்மாவுக்கு மலையில் அடுத்த நெரை, வீட்டில் அடுத்த சுவர். வலது தோள்பட்டையை எப்போதும் இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். சண்டை போட வந்தவள் மூடிகள் வாளிக்குள் கணீர் கணீரென்று விழுவதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

சிரட்டையை மிதக்க விட்டதும் அம்மாவின் வாளியிலிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்ல! தகரக் கூரையில் கல்மழை விழுந்த மாதிரி இருந்தது. நான் மூன்று அள்ளுவதற்குள் அவள் நெரை காலி. எனக்குப் புல்லரித்தது. பெண்கள் பக்கத்து இரண்டாவது ஆள் இதோ வீட்டிலேயே இருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா பெரியம்மாவின் நெரைக்குள் இறங்கினாள். இரண்டு மூடி, ஒரு விதை, அள்ளினாள், வீசினாள். பெரியம்மாவின் வாளிக்குள் வீசினாள்.

"அம்மா! அது பெரியம்மா வாளி!" என்று கத்தினேன்.

"ஆமா, அவ நெரைதானே? அவ வாளிலதானே போடணும்?"

"ஒன் வாளிலதாம்மா போடணும். அப்பத்தான் நீ ஜெயிப்ப!"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவ நெரையில பறிச்சு என் கூடைல போட்டுக்கிட்டா மனுசரு மூஞ்சில முழிக்க முடியுமாடி?" என்றாள்.

விதி அதுதான் என்று நான் தரையில் உதைத்துச் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் அம்மா இன்னும் மோசம். பெரியம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்து, அவள் ஒன்று போட்டால் தானும் ஒன்று போட்டாள். ஆட்டம் முடிந்தபோது இருவருக்கும் ஆறு ஆறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியம்மா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒங்கம்மா கைய ஒனக்குத் தெரியாதுடி. கலியாணம் முடிச்சு வந்த புதுசுல, நல்ல கொழுந்து காலம், ஒரு நா ஒருத்தியா நின்னு ஒரு மல கொழுந்து பறிச்சா. கணக்கப்புள்ள ரெண்டு தடவ நிறுத்துப் பாத்து எழுதிக்கிட்டுப் போனாரு. அடுத்த மாசமே, இவ பறிக்கிறால்ல, எல்லாரும் அவ்வளவு பறிச்சாத்தான் முழுப் பேருன்னு கட்டிட்டாங்க. என் தோள்பட்ட போனது அந்த வருசந்தான்" என்றாள்.

பேர் என்றால் ஒரு நாள் வேலை. குறைந்தால் அது அரைப் பேர்தான், அரைநாள் கூலிதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: என் அம்மா ஒரு மலைக் கொழுந்தைப் பறித்தவள்! அப்படிப்பட்டவள் இப்படி ஆறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆத்திரம்தான் வந்தது. அம்மா சிரிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அம்மாவை என் பட்டியலிலிருந்து அடித்தேன். நானும் அக்காவும் போதும்.

பொங்கல் வரை நாங்கள் இருவரும் இடது கையால் சாப்பிட்டோம், இடது கையால் தலை வாரினோம், இடது கையால் ஆட்டுக்கு இலை பறித்தோம். என் நம்பிக்கையெல்லாம் அந்த இடது கையில்தான் இருந்தது. மாமாவின் வலது கை எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அவருடைய இடது கைக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது.

பொங்கலன்று விடியற்காலையிலிருந்து மழை. மைதானத்தில் நடக்க இருந்த ஓட்டப்போட்டி, கயிறிழுப்பு எல்லாம் சேற்றில் போயின. தோட்டமே கிளப்புக்குள் நுழைந்து நின்றது. விதி எனக்காகவே மழை பெய்வித்தது என்று பூரித்துப்போய்ப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். பின்னால் வந்த அக்கா அழுதுகொண்டு வந்தாள். பொங்கிய பானையை இறக்கும்போது துணி விலகி அவள் வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

"நீ யாரையாவது கூப்பிட்டுக்கடி" என்றாள்.

யாரைக் கூப்பிடுவது? லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் மாமாவைப் பார்த்ததும் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். மாமா ஏற்கெனவே பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரோடு ஸ்டோரில் இயந்திரம் பார்க்கும் அவருடைய நண்பர். மாமா தன் அழுக்குச் சட்டையைக் கையோடு கொண்டுவந்து என் வாளிக்குப் பக்கத்தில் மடித்து வேறு வைத்திருந்தார். கிளப் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது அம்மா பொங்கல் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

வேறு வழியில்லை. பாத்திரத்தை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"அக்கா, நீயுமா?" என்று அம்மாவைப் பார்த்து மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

"புள்ள கூப்புடுதே" என்றாள் அம்மா.

நடுவர் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர். யாழ்ப்பாணத்துக்காரர், கையில் ஒரு கொப்பியும் பேனாவும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இரண்டு ஆட்டம், இரண்டையும் கூட்டி எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் வெற்றி என்று அறிவித்தார். கொப்பியில் நான்கு கோடு கிழித்து நான்கு பேரையும் எழுதினார். மாமாவுக்கும் அவர் நண்பருக்கும் நடுவில் அம்மா, எதிரே நான். அக்கா சிரட்டையை மிதக்க விட்டாள்.

மாமாவின் வலது கை நான் பயந்ததைவிட வேகம். இடது கை நான் எதிர்பார்த்தபடியே உதவாக்கரை, ஆனால் அதை வைத்துக்கொண்டே ஒன்பது போட்டுவிட்டார். நண்பர் எட்டு. பதற்றத்தில் எனக்கு ஏழுதான். அம்மா? சிரட்டை மூழ்குவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே அம்மாவின் கை நின்றுவிட்டது. மாமாவின் வாளியைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒன்பது, அவளுக்கும் ஒன்பது. அவளுடைய நெரையில் இரண்டு மூடியும் ஒரு விதையும் அப்படியே மிச்சம் கிடந்தன.

ஆண்கள் பதினேழு, நாங்கள் பதினாறு. சேர் கொப்பியில் எழுதிக்கொண்டார். மாமா சட்டையை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தார்.

"ஏம்மா நிறுத்துன? ஏம்மா இப்பிடிப் பண்ணுற?" கண்ணீரை அடக்கிக்கொண்டு அவள் காதுக்குள் சீறினேன்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தது சேரை.

"அவரு எதுக்கு எழுதுறாரு?" என்று கேட்டாள்.

"யாரு எத்தன போட்டாங்கன்னு தெரியணும்ல?"

"எழுதாம எண்ண முடியாதா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் எழுந்து போய்ச் சேரிடம் சொன்னேன்.

"எழுதாம எண்ணலாமா சேர்? அம்மாவுக்கு எழுதுறது புடிக்கலயாம்."

சேர் கண்ணாடிக்கு மேலாக அம்மாவை ஒருமுறை பார்த்தார். "அதுக்கென்ன பிள்ளை, மனசில வைச்சிருக்கிறன்" என்று சொல்லிக் கொப்பியை மூடி, பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகினார். கொப்பியை வாங்கின்மேல் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

அதற்குப்பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யாரும் முழுதாக நம்பியதில்லை. அக்கா சிரட்டையை விட்ட கையை எடுப்பதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. அம்மாவின் கண் பெட்டியில் இல்லை. எதிரே சுவரில் எங்கேயோ இருந்தது. கைகள் இரண்டும் அவளுடையவையே அல்ல என்பதுபோலத் தனியாக ஓடின. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் விலகி வட்டமாக இடம் விட்டார்கள். ஒரு மூடிகூட வெளியே விழவில்லை. அவள் நெரை காலி. மாமா நாலாவது அள்ளலில் இருக்கும்போது அம்மாவின் கை அவருடைய நெரைக்குள் வந்துவிட்டது. மாமா இடது கையால் மறைக்கப் பார்த்தார். அந்தக் கைக்கு மறைக்கவும் தெரியவில்லை. அவர் விரலுக்கு அடியிலிருந்தே விதையை உருவிக்கொண்டு போனாள். எல்லாம் அவளுடைய வாளிக்குள்ளேயே விழுந்தன, ஒன்றுகூட மாமாவின் வாளிக்குப் போகவில்லை.

மாமாவின் நெரை முடிந்ததும் அம்மா அந்தப் பக்கம் திரும்பி நண்பர் மிச்சம் வைத்திருந்த இரண்டையும் எடுத்தாள். நானும் என்னுடையதை அள்ளி முடித்தேன். பெட்டியில் கரிக்கோடு மட்டும்தான் இருந்தது. எல்லோரும் வாளித் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். சிரட்டை இன்னும் மிதந்துகொண்டிருந்தது!

சேர் வாளிகளைக் கவிழ்த்து எண்ணினார். மாமா நாலு. நண்பர் எட்டு. நான் ஒன்பது, ஒன்று வெளியே விழுந்துவிட்டது. அம்மாவுடையதை இரண்டு தடவை எண்ணினார். பதினெட்டு. ஒரு முத்தல் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஆண்கள் இருபத்தொன்பது, நாங்கள் நாற்பத்துமூன்று.

கிளப்பின் தகரக் கூரை அன்றைக்குப் பறந்துபோகாததுதான் ஆச்சரியம். பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா வெந்த கையோடு கைதட்டிவிட்டு ஐயோ என்று கத்தினாள். பெரியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையை நிமிர்த்தி, பல் தெரியச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தன் இடது கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பையிலிருந்த பவுடர் டின்னை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு. போர்ட்ல தண்ணி படாமப் பாத்துக்கங்க" என்றார். அழுக்குச் சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே மழையில் இறங்கி நடந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப்பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளப் எங்களுடையதாகத்தான் இருந்தது.

எனக்கோ அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, சேர் எழுதாமல் விட்டுவிட்டாரே என்று மனம் அடித்துக்கொண்டது. நாளைக்கு யாராவது இல்லை என்று சொன்னால்? எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கோடு போட்ட கரித்துண்டை எடுத்து, கிளப் கதவில் ஒரு முழ உயரத்துக்கு எழுதினேன்: அம்மா 18.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அம்மா கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்து, முந்தானையை வாளித் தண்ணீரில் நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா அழிக்கிற!" என்று அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"கதவு அழுக்காவுதில்ல" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பெரியம்மாவாவது எனக்காகப் பேசுவாள் என்று அவளைக் கூப்பிட்டேன். பெரியம்மா வந்து கதவைப் பார்த்தாள். தோள்பட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். தன் சேலைத் தலைப்பையும் நனைத்து, அந்தப் பக்கமிருந்த எட்டை அழித்தாள். என் அம்மா இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டதில் அவளுக்குப் பொறாமை என்று நான் அப்போதே தீர்மானித்துக்கொண்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளுடைய வாளியையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அக்காதான் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. மலையில் வேலை தொடங்கியது. நான் தேத்தண்ணியோடு போனேன், இம்முறை கோப்பையை மறக்காமல். தோட்டத்தின் வெற்றி வீராங்கனை இந்நேரம் நெரையில் எவ்வளவு தூரம் முன்னால் போயிருப்பாள் என்று மேலேயெல்லாம் கண்ணால் தேடினேன். அம்மா மேலே இல்லை. கீழே, பெரியம்மாவுக்குப் பக்கத்தில், செடிக்குச் செடி அவளோடு சமமாகப் பறித்துக்கொண்டு வந்தாள். கணக்கப்பிள்ளை பாதையோரத்தில் நின்றிருந்தார். பெரியம்மாவின் கை நின்றால் அம்மாவின் கையும் நின்றது.

பொங்கலன்று அப்படி ஆடிய களைப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்று, தேத்தண்ணியை அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன். அம்மா அதில் பாதியைப் பெரியம்மாவின் கோப்பையில் சாய்த்தாள்.